ட்ரிப் ஆகாத பிரேக்கர்

கழுத்தில் கட்டி தெரிந்தபோது எங்கள் வீட்டில் முதலில் வந்த பயம் விசாவைப் பற்றியது. வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் என்று சந்தேகம் எழுந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று ஷார்ஜாவில் நான் வளர்ந்த கட்டிடம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. சட்டம் இன்று என்ன சொல்கிறது என்று யாரும் தேடிப் பார்த்ததில்லை. "எங்க கம்பெனியில ஒரு ஆளு..." என்று ஆரம்பிக்கும் கதை ஒன்று மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

"கழுத்துல கட்டின்னா இவங்க முதல்ல டி.பி.ன்னுதான் பாப்பாங்க. மெடிக்கல் முடியட்டும் கண்ணு. ஸ்டாம்பிங் ஆனதும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா. விசாவுக்கென்று பாஸ்போர்ட்டில் இப்போது எதையும் ஒட்டுவதும் இல்லை, குத்துவதும் இல்லை. இருந்தாலும் எங்கள் வாயில் அது ஸ்டாம்பிங்தான்.

"ஏ.சி. காத்துக்கு நேரா படுக்குறா. நெறி கட்டியிருக்கும்" என்றாள் அம்மா.

நானும் தலையாட்டினேன். சுடிதார் துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு போய் எக்ஸ்ரேவுக்கு மூச்சை இழுத்துப் பிடித்து நின்றேன். 'ஃபிட்' என்று வந்தது. அன்று மாலை அப்பா எல்லோருக்கும் கொத்துப் பரோட்டா வாங்கி வந்தார். நான் கொண்டாட்டத்தோடு சாப்பிட்டேன். விழுங்கும்போதெல்லாம் கட்டி உறுத்தியது.

இதில் என்ன வேடிக்கை என்றால், புற்றுநோய் செல்கள் சாகாமல் எப்படித் தப்பிக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. சோதனைக் குழாய் எதையும் நான் தொடுவதில்லை. எல்லாம் கணக்கு. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னைத் தானே முடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பழுதான செல், வேலை முடிந்த செல், வைரஸ் புகுந்த செல் எல்லாம் அந்த ஏற்பாட்டின்படி சத்தமில்லாமல் தன்னை அடுக்கிக் கட்டி வைத்துவிட்டுச் செத்துப்போகும். ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டி எழுப்பும், அது மூன்றாவதைத் தடுக்கும், மூன்றாவது முதலாவதையே போய்க் கடிக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் கூடுகிறது, குறைகிறது என்று சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துக் கணினியில் ஓடவிட்டால் ஒரு செல் சாகப்போகிறதா பிழைக்கப்போகிறதா என்று பார்க்கலாம். இந்தக் கணக்குக்குத்தான் மாதிரி, அதாவது மாடல் என்று பெயர்.

வீட்டு ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் பிரேக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூலை மாதம். ஒரு ஏ.சி. ஓடுகிறது, ஒன்றும் ஆகாது. இரண்டு, மூன்று ஏ.சி. ஓடினாலும் ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் அம்மா அயர்ன் பாக்ஸை சொருகுவாள், டப்பென்று வீடே இருண்டுவிடும். பாதி ட்ரிப் ஆவது என்று ஒன்று கிடையாது. செல்லின் மரணமும் அப்படித்தான். மருந்து செல்லைக் காயப்படுத்திக்கொண்டே போகும், ஓர் எல்லை வரை செல் தாங்கும், எல்லை தாண்டினால் திரும்ப வழியில்லை. அந்த எல்லையை மேலே தூக்கிப் பிடிக்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் பிசிஎல்-2. அது அளவுக்கு மீறி இருக்கும் செல், கம்பியை வைத்துக் கட்டிப்போட்ட பிரேக்கர் மாதிரி. லோடு ஏறிக்கொண்டே இருக்கும், ட்ரிப் மட்டும் ஆகாது. இரண்டு வருடமாக எனக்குச் சோறு, தண்ணீர், தூக்கம் எல்லாமே இந்த ஒரு புரதம்தான்.

ஸ்டாம்பிங் முடிந்ததும் சொன்ன வார்த்தைப்படி அப்பா கூட்டிப்போனார். ஊசி குத்தி உறிஞ்சி எடுத்தார்கள், போதாது என்று ஒரு கட்டியை முழுதாக எடுத்தார்கள். பிறகு டாக்டர் பிந்துவின் அறைக்கு வெளியே, எண் ஒளிரும் பலகையைப் பார்த்தபடி காத்திருந்தோம். டாக்டர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாக வரும்.

"லிம்ஃபோமா. நிணநீர் முடிச்சிலே வர்ற கேன்சர். வேகமா வளர்ற வகை. வேகமா வளர்றது மருந்துக்கு நல்லாக் கேக்கும், அது ஒரு சௌகர்யம்" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். அப்பா சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம், குழாய், ஏ.சி. வேலைகளுக்கு டெண்டர் போடும் கம்பெனியில் அவர் செலவைக் கணக்கிடும் எஸ்டிமேட்டர். எந்தக் கட்டிடத்துக்குள் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். அன்று அண்ணாந்து பார்க்கவே இல்லை.

நான் பயந்தேனா? பயந்தேன். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், கூடவே ஓர் ஆர்வமும் வந்தது. திரையில் மட்டும் பார்த்த செல் இப்போது என் கழுத்தில் இருக்கிறது. "ப்ரோட்டீன் சாய டெஸ்ட் எல்லாம் பண்ணுவீங்கல்ல டாக்டர்? எந்த ப்ரோட்டீன் எவ்ளோன்னு எனக்கு நம்பர் வேணும்" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். "இங்கே வந்து எல்லாரும் முடி கொட்டுமான்னு கேப்பாங்க. நீ நம்பர் கேக்கறே."

அந்த எண்கள் அப்பாவின் போனுக்கு வந்தன. ஆஸ்பத்திரியில் எனக்கு இருப்பது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது போட்ட ஃபைல். என் விசா அப்பாவின் பெயரில், இன்ஷூரன்ஸ் அப்பாவின் கம்பெனியில், ஆஸ்பத்திரியில் பதிவான போன் நம்பரும் அப்பாவுடையது. அந்த ஃபைலில் எனக்கு இன்னும் பள்ளி வயதுதான்.

"சாய டெஸ்ட் வந்துதாப்பா?"

"வந்துச்சு கண்ணு. எல்லாம் நார்மல்."

"பிசிஎல்-2 எவ்ளோ போட்டிருக்கான்?"

"அதெல்லாம் நார்மல்னுதான் இருக்கு. ஃபைசல் தம்பிக்கு அனுப்பியிருக்கேன், அவன்கிட்டக் கேளு."

ஃபைசலும் நானும் ஒரே ஆய்வகம். கீழக்கரைக்காரன். அவன் வாப்பாவுக்குத் தேரா சந்தையில் மசாலாக் கடை. அந்தப் பக்கம் போய்விட்டு வந்தால் அவன் மடிக்கணினியே ஏலக்காய் வாசம் அடிக்கும். மாதிரியில் பாதிச் சமன்பாடுகளை அவனும் நானும் சண்டை போட்டு எழுதினோம். ஆய்வகக் கணினியை வீட்டிலிருந்து தொட முடியாது. எனக்கோ நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் தெம்பில்லை. அதனால், "என் நம்பரைப் போட்டு ஓட்டுடா" என்றேன்.

"மேடம் உத்தரவு" என்றான்.

மறுநாள் படம் வந்தது. நீலக்கோடு. உயிரோடு மிஞ்சும் செல்களின் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் ஒரு படி இறங்கி, நாலாவது சுற்றில் தரையைத் தொட்டு அப்படியே படுத்துவிட்டது. "பாத்தியா, உன் கட்டி சரண்டர்" என்று கீழே எழுதியிருந்தான். அம்மாவிடம் காட்டினேன். அவள் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டாக்டர் பிந்து அடுத்த முறை இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று வழக்கமானது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து, நாற்காலியில் உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இன்னொன்று கடுமையானது. படுக்கையில் சேர்ந்து, நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடாமல் ஏற்றுவார்கள்.

"உன் கேஸில் எனக்கு ரெண்டாவது மேலே ஒரு நோட்டம் உண்டு. எதுக்குன்னு நான் சொல்லணுமா? இதிலேயே ரிசர்ச் பண்ற ஆளாச்சே நீ."

நான் போனை எடுத்து நீலக்கோட்டைக் காட்டினேன். எங்கள் மாதிரி, எங்கள் சமன்பாடு, வழக்கமான வழியே போதும் என்று விறுவிறுவென்று விளக்கினேன். டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இத்தனை சுலபமா விழுதா?" என்று கேட்டார். "ஓட்டிப் பாத்தாச்சு டாக்டர்" என்றேன். எவ்வளவு நிச்சயமான குரல் அது! இப்போது நினைத்தால் காது சுடுகிறது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அவ நல்லா யோசிச்சுட்டா மேடம்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதங்களைச் சுருக்கிச் சொல்கிறேன். மருந்துகளில் ஒன்று சிவப்பு. அதைப் பார்த்ததும் ஃபைசல் "ரோஸ்மில்க் வந்துருச்சு" என்றான். அதற்குப் பிறகு இன்றுவரை எனக்கு ரோஸ்மில்க் ஆகாது. வாயெல்லாம் புண். முடி தலையணையோடு போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வரவேண்டும். அது வரும்வரை அப்பா வரவேற்பு மேஜைக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார். "யாழினி கா அப்ரூவல் ஆயா க்யா பாய்?" என்று அவர் ஹிந்தியில் கேட்பதும், "பாஞ்ச் மினிட் சார்" என்று பதில் வருவதும் எனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம்.

தாளிக்கும் வாசம் எனக்குக் குமட்டும் என்று அம்மா பக்கத்து வீட்டு அடுப்பில் போய்த் தாளித்துக்கொண்டு வந்தாள். அப்பா, வண்டி குலுங்கினால் எனக்கு வாந்தி வரும் என்று, வேகத்தடை இல்லாத ஒரு பாதையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நேராகப் போனால் சீக்கிரம் வந்துவிடும் ஆஸ்பத்திரிக்கு ஊரைச் சுற்றிப் போவோம். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். "அடிக்கட்டும், அவங்க அப்பன் வீட்டு ரோடா" என்பார். அந்தச் சுற்றுப் பாதைக்காக அவரை அவ்வளவு நேசித்தேன். நடந்த துரோகத்தைச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும்.

நடுவில் ஒரு ஸ்கேன். வெறும் வயிற்றில், லேசான கதிர்வீச்சுள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றி, பேசாமல் அசையாமல் படுக்கவைப்பார்கள். பசியோடு வளரும் செல்கள் சர்க்கரையை வாரி விழுங்கும். விழுங்கிய இடம் படத்தில் ஒளிரும். நான் கவலையே படவில்லை. நீலக்கோட்டின்படி அந்தச் சமயத்தில் தரையைத் தொடுவதற்கு ஒரு விரல் தூரம்தான் பாக்கி.

படத்தில் கழுத்தின் அடியிலும் அக்குளிலும் இரண்டு விளக்குகள் எரிந்தன.

"சுருங்கியிருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா உயிரோட இருக்கு" என்றார் டாக்டர் பிந்து.

"அது எப்படி டாக்டர்? எங்க மாடல்ல வேற மாதிரியில்ல வந்துச்சு? என் பிசிஎல்-2 நார்மல்தானே?"

டாக்டர் ஃபைலில் இருந்து தலையை நிமிர்த்தினார். "நார்மலா? யாரு சொன்னா?"

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"யாழினி, உன்னுது ரொம்ப உயரம். கிட்டத்தட்ட எல்லா செல்லிலேயும் இருக்கு. அப்பாகிட்டே போன்ல சொன்னேனே. 'அவகிட்ட நானே சொல்லிட்டேன், அவளுக்குத் தெரியும்'னாரே." பேசிக்கொண்டே அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.  பிறகு மெல்ல, "உன்கிட்டே நான் நேரா கேட்டிருக்கணும். தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுட்டேன். அது என் தப்பு" என்றார்.

அப்பா கூரையைப் பார்த்தார்.

"அப்போ ரெண்டாவது வழியில போயிருந்தா?" என்றேன்.

"இது போயிருக்குமான்னு கேக்கறியா? தெரியாது. சத்தியமா யாருக்கும் தெரியாது."

அந்தப் பதில் இன்றும் என்னிடம் இருக்கிறது. கோபத்தை இறக்கிவைக்க அது இடம் தரவில்லை. வேறு வழியில் போயிருந்தால் குணமாகியிருப்பேன் என்று சொல்லியிருந்தாலாவது அழுது தீர்த்திருக்கலாம்.

காரில் அம்மா பின் இருக்கையில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அப்பா பழக்கத்தில் சுற்றுப் பாதைக்குத் திருப்பினார்.

"நேராவே போங்க. குலுங்கட்டும்" என்றேன்.

அவர் ஓரமாக நிறுத்திவிட்டார். "நான்தானே கண்ணு உன்னை நிறுத்தி வெச்சேன், மெடிக்கல் முடியட்டும்னு. அந்த நாளெல்லாம் அது உள்ள வளந்திருக்கு. அப்புறம் டாக்டரம்மா போன்ல சொன்னாங்க, இந்த மாதிரி இந்த மாதிரி, மருந்துக்கு அடங்காத வகைன்னு. நீ அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி வீட்டுல நாங்களே மனப்பாடம் பண்ணியிருக்கோம். அதை உங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

"அதனால நார்மல்னு சொல்லிட்டீங்க."

"தைரியமா இருந்தா உடம்பு தேறும்னு..."

"ஒரு பில்டிங்ல பிரேக்கர் ட்ரிப் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுது. அங்க குடியிருக்கறவன்கிட்ட, நல்லாத்தான் இருக்கு, தைரியமாத் தூங்குன்னு சொல்வீங்களாப்பா?"

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.  அப்பாவின் தொழிலில் எண்கள் பேரத்துக்கு உரியவை. டெண்டர் கடுமையாக இருந்தால் இங்கே கொஞ்சம் குறைத்து அங்கே கொஞ்சம் ஏற்றிப் போடுவார்கள். என் எண்ணையும் அவர் அப்படிக் குறைத்துப் போட்டிருக்கிறார் என்று தோன்றியது. அந்த நேரத்தில் அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அப்பாவுக்கு எங்கள் சமன்பாடு தெரியாது. ஃபைசல்?

அவன் சமூசாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"என் நம்பரைப் போட்டியா, வேற யாரோடதையாவது போட்டியா?"

"யாழினி, உங்கப்பா உங்கிட்டச் சொல்லாதேன்னு கார்ல உக்காந்து அழுதாரு. அவ்ளோ பெரிய மனுசன் தேம்பித் தேம்பி அழுதா நான் என்ன பண்ணுவேன்?"

"கூட உக்காந்து அழுதிருக்கலாம். நம்பரை மாத்துவியா?"

"அல்லாஹ் மேல சத்தியமா, முதல்ல உன் நம்பரைத்தான் போட்டேன். கோடு தரையைத் தொடவே இல்ல. அதை உனக்கு அனுப்ப மனசு வரல. ஒரே ஒரு நம்பர்தான். ஒரே ஒரு இடத்துல மாத்தினேன்."

"எந்த நம்பர்னு தெரியும்ல? மாதிரியே அந்த ஒரு நம்பர் மேலதான்டா நிக்குது."

"இதை வெச்சு ட்ரீட்மென்ட்டை முடிவு பண்ணுவேன்னு யாருக்குத் தெரியும்? பேஷன்ட் எவளாவது டாக்டர்கிட்டப் போய் கிராஃபை நீட்டுவாளா?"

நியாயமான கேள்விதான். ஒரு மாதிரி என்பது உண்மையைப் பார்க்கும் ஜன்னல், அவ்வளவுதான் என்று கருத்தரங்கில் அழகாகப் பேசிய நானே ஜன்னலை வீடு என்று நினைத்துக் குடியேறியிருந்தேன். இருந்தாலும் அந்த ஜன்னலில் ஓவியத்தை ஒட்டியது அவன். "சமூசாவை எடுத்துட்டுப் போ" என்றேன். எடுத்துக்கொண்டு போனான். படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் கேட்காமல் போகும்வரை அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நானே ஆய்வகத்துக்குப் போனேன். டாக்டரிடம் எழுதி வாங்கிய சரியான எண்ணைப் போட்டு ஓட்டினேன். கோடு இறங்கியது, இன்னும் இறங்கியது, பிறகு தரைக்கு மேலே ஒரு உயரத்தில் நின்று அப்படியே நேராகப் போனது. அசிங்கமான கோடு. ஸ்கேனில் எரிந்த விளக்குகள் சொன்னதையே அதுவும் சொன்னது. எங்கள் சமன்பாடு பொய் சொல்லியிருக்கவில்லை. அதனிடம்தான் பொய் சொல்லியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பல வாரங்களுக்குப் பிறகு தரையில் கால் ஊன்றியது போலவும் இருந்தது.

அந்தக் கோட்டை டாக்டரிடம் நீட்டவில்லை. "நீங்க என்ன நினைக்கறீங்க? முழுசாச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். மருந்தை மாற்றி, இன்னும் கடுமையாகக் கொடுத்து, கட்டி அடங்கினால் ரத்தத்தைப் புதிதாக உண்டாக்கும் என் தண்டுச் செல்களை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, மிச்சத்தை அழிக்க உச்சகட்ட மருந்து கொடுத்து, செல்களைத் திரும்ப ஏற்றுவது. அதில் என்னென்ன ஆபத்து, எதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சொன்னார்.  கையெழுத்துப் போட்டேன். இம்முறை எதில் போடுகிறேன் என்று தெரிந்து போட்டேன்.

வெளியே வந்து வரவேற்பு மேஜையில் என் போன் நம்பரை மாற்றச் சொன்னேன்.

"ஸ்பான்ஸர் நம்பர்தானே மேடம் இருக்கு? ஃபாதர்?" என்றான் பையன்.

"பேஷன்ட் நான்தான். என் நம்பர் போடுங்க."

அப்பா பின்னால் நின்றிருந்தார். அவர் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார்கள். ஒவ்வோர் இலக்கமாக அவரே படித்துச் சொன்னார்.

அதற்குப் பிறகான தனிமை அறையை எழுத எனக்கு இன்னும் திராணி இல்லை. காய்ச்சல், ரத்தம் ஏற்றுதல், கண்ணாடிக்கு வெளியே முகமூடி போட்ட அம்மா. அப்பா தினமும் வந்தார். நாங்கள் வெயிலைப் பற்றி, டிராஃபிக்கைப் பற்றிப் பேசினோம். உடம்பைப் பற்றி அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. "இன்னிக்கு முகம் தெளிவா இருக்கு கண்ணு" என்பார். கண்ணாடியை வாங்கி நானே பார்ப்பேன். ஃபைசல் அனுப்பிய செய்திகள் படிக்காமலே கிடக்கின்றன. ஒரு நாள் படிக்கலாம்.

கடைசி ஸ்கேன் முடிந்து, முடிவுக்காக ஆஸ்பத்திரிக் கீழ்த்தளக் கஃபேயில் உட்கார்ந்திருந்தோம். அப்பா எனக்குப் பால் கெட்டியான கரக் டீ வாங்கி, ஆற்றி, என் பக்கம் தள்ளினார். மேஜையில் இருந்த என் போன் அதிர்ந்தது. ரிசல்ட் வந்திருக்கிறது என்று திரையில் தெரிந்தது. அவரும் பார்த்துவிட்டார்.

கை நீளவில்லை. எத்தனையோ வருடமாக என் எல்லா முடிவுகளையும் முதலில் பார்த்த மனிதர், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

திறந்தேன். படித்தேன். மேலிருந்து கீழ்வரை, மறுபடி மேலிருந்து. அப்போது ஒன்று புரிந்தது: இந்த நிமிடம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எது வேண்டுமானாலும் சொல்லலாம். நல்லதைக் கெட்டதாக, கெட்டதை நல்லதாக, அல்லது ஒன்றுமே சொல்லாமல் டீயைக் குடிக்கலாம். அந்த அதிகாரம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

"என்ன கண்ணு போட்டிருக்கான்?" என்றார்.

போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முதல் வரியில் இருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். என் பெயர், வயது, நோயின் முழுப் பெயர், பிசிஎல்-2 மிக உயர்வு என்ற அந்த வரி, பழைய ஸ்கேனில் எரிந்த இரண்டு இடங்கள். எதையும் தாண்டவில்லை. அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். 'தற்போது எந்த இடத்திலும் நோயின் செயல்பாடு இல்லை' என்ற வரி கடைசியில்தான் இருந்தது. அது வரும்வரை அவரைக் காக்கவைத்தேன்.